தனசேகரின் பைக்கும் என் இருபதாயிரம் மரபணுக்களும்

1

என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. போன வாரம் அவள் பள்ளியில் ஒரு படம் வரையச் சொன்னார்களாம். தலைப்பு, 'எங்கள் குடும்பத்தில் நோயாளிகளுக்கு உதவுகிறவர்'. படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், வந்து பாருங்கள் என்று பெற்றோருக்கெல்லாம் மின்னஞ்சல் வந்தது. நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

காரணம் இருக்கிறது. நெதர்லாந்தின் இந்த ஊரில் நான் வேலை செய்வது ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில். வாயில், தொண்டையில், குரல்வளையில் வருகிற புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெள்ளைக் கோட்டும் கையில் சோதனைக் குழாயுமாக என்னை வரைந்திருப்பாள் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குக் கோட்டும் கிடையாது, குழாயும் கிடையாது. நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். ஆனாலும் குழந்தை ஆசையாகப் போட்டுவிட்டிருந்தால் மறுக்கக் கூடாது என்று சைக்கிளில் போகும்போதே முடிவு செய்துகொண்டேன்.

படத்தில் ஒரு சிவப்பு பைக் இருந்தது. ஓட்டுகிறவருக்குப் பெரிய மீசை. பின்னால் கன்னத்தில் கட்டுப் போட்ட ஒருவர். கீழே டச்சு மொழியில் எழுதியிருந்தாள்: "இவர் என் மாமா. என் பெரியப்பாவைத் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்."

ஆசிரியை அருகில் வந்து, "யார் இவர்?" என்று கேட்டார்.

"என் தங்கையின் கணவர்."

"எவ்வளவு நல்ல மனிதர்!"

ஆமாம் என்று சிரித்தேன். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே சிரிக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் நிலாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பாகூட நோயாளிகளுக்கு உதவுறேன் இல்ல?"

"நீ நம்பர் பண்றே அப்பா. மாமாதான் பெரியப்பாவ ரிப்பேர் பண்ணாரு."

டச்சில் யோசித்துத் தமிழில் பேசுகிற பிள்ளை. அவளுக்குச் சைக்கிள் கெட்டாலும் ரிப்பேர், பெரியப்பா கெட்டாலும் ரிப்பேர். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் சொன்னதில் எந்தச் சொல்லைத் திருத்துவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

ஆக, நாற்பத்தாறு வயதில், முனைவர் பட்டம் வாங்கி, கடல் தாண்டி வந்து பதினோரு வருடம் ஆன பிறகு, கூனிமேட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தனசேகர் மேல் எனக்கு வயிறு எரிகிறது. இது நேற்று தொடங்கியது இல்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இதுவரை யாருக்கும் புரிந்ததில்லை. அம்மா இருந்தவரை "சின்னவன் வெளிநாட்ல கம்பவுண்டரா இருக்கான்" என்றுதான் சொல்லிவந்தாள்.

நம் உடம்பில் எந்தச் செல்லை எடுத்தாலும் அதற்குள் ஏறத்தாழ அதே இருபதாயிரம் மரபணுக்கள் இருக்கும். ஊர்க்கூட்டம் மாதிரி. எல்லாருக்கும் வாய் உண்டு, ஆனால் எல்லாரும் பேசுவதில்லை. நாலு பேர் கத்துவார்கள், பத்துப் பேர் முணுமுணுப்பார்கள், மற்றவர்கள் எப்போது டீ வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதில் எந்த மரபணு எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்று அளந்தால், சில கூட்டம் கலவரத்தில் முடியும் என்றும் சில கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போய்விடும் என்றும் ஊகிக்கலாம். அதற்குத்தான் இத்தனை கணினி, இத்தனை சம்பளம், இத்தனை மீட்டிங்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். பெரியவர் ஏழுமலை அண்ணன். மரக்காணத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு போடுகிறார். அடுத்தது நான். கடைசி செல்வி, அவள் கணவன்தான் மேற்படி மீசை, தனசேகர்.

அண்ணனுக்கு வாயில் புகையிலை அடக்கும் பழக்கம். இடது கன்னம். காலையில் பாத்தியில் இறங்கும்போது வைத்தால் ஏறும்போதுதான் துப்புவார். நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "புகையிலகிட்ட உன் கன்னத்துக்கு வாடகை வாங்குனாலே பணக்காரன் ஆயிடலாம்ண்ணா" என்று ஜோக் அடித்திருக்கிறேன். வாய்ப் புற்றுநோயைத் தொழிலாக வைத்திருக்கும் நான் ஒருமுறைகூட அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததில்லை.

பார்த்தது தனசேகர். பதினாறு மாதத்துக்கு முன்பு, கிளியனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அண்ணன் போண்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றிருக்கிறார்.

"ஏன் மச்சான் கோழிக்குப் போடற மாதிரி பிச்சிக்கினு இருக்கீங்க? முழுசா போடுவீங்களே?"

"சூடா இருக்குதுப்பா."

"ஆறிப்போச்சி மச்சான். வாயத் தொறங்க."

திறக்க முடியவில்லை. இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. அந்தப் பந்தியிலேயே கையைக் கழுவ வைத்து, பைக்கில் உட்கார வைத்து, புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டான். நாலாம் நாள் எனக்கு ஃபோன் வந்தது. கேன்சர்.

அன்று அழுதேன். அதை ஒளிக்கவில்லை. ஆனால் அழுது முடித்து முகம் கழுவும்போது, 'கண்டுபிடித்தது அவனா?' என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. இருபதாயிரம் மரபணுவை வைத்துக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவன் ஒரு போண்டாவை வைத்துப் பிடித்துவிட்டான்.

3

டிசம்பரில் ஆபரேஷன் நடந்தது. இடது கன்னத்தை உள்ளிருந்து வெட்டி எடுத்து, அந்த இடத்தை நிரப்ப நெஞ்சிலிருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து தைத்தார்கள். நெஞ்சு முடியும் கூடவே வந்துவிட்டது. மூன்றாவது வாரம் வீடியோவில் அண்ணன் சொன்ன முதல் நீளமான வாக்கியம் இது:

"டேய், வாய்க்குள்ள மயிர் மொளைக்குதுடா. இனிமே நான் நெஞ்சத் தொட்டு சத்தியம் பண்ணா செல்லாது. கன்னத்தத் தொட்டுத்தான் பண்ணணும்."

சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் போனது.

அந்தக் குளிர்காலம் எனக்கு ஒரே மாதிரி ஓடியது. காலையில் இருட்டில் சைக்கிள். வழியெல்லாம் பனி உறையாமலிருக்க லாரியில் வந்து உப்பைத் தூவிவிட்டுப் போவார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து வண்டியை நிறுத்தி, அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "ரோட்ல கொட்றாங்கண்ணா!" என்று கத்தியவன் நான். "கழுவி எடுத்தா கறிக்கு ஆவுமா பாரு" என்றார். இப்போது சக்கரத்துக்கு அடியில் அது நறநறவென்று அரைபடும்போது நான் நேரத்தைத்தான் கணக்குப் போடுவேன். அங்கே மதியம் ஆகப்போகிறது. தனசேகர் கடையைச் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பான்.

அவனுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. வாய் மறுபடி இறுகிவிடாமலிருக்க, ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகிப் பழக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். தனசேகர் கடற்கரைச் சாலை ஐஸ் வண்டிக்காரனிடம் ஒரு கட்டே வாங்கிவந்துவிட்டான். தினமும் குடும்ப வாட்ஸாப்பில் அறிக்கை வரும். "இன்று 11. மச்சான் திட்டினார்." "இன்று 12. மச்சான் ரொம்பத் திட்டினார்." கீழே வரிசையாகக் கை கூப்பிய படங்கள், இதயங்கள். அத்தை, சித்தப்பா, யாரென்றே எனக்குத் தெரியாத ஒரு பாண்டிச்சேரி நம்பர், எல்லாரும்.

நானும் ஒரு நாள், வாய்ப் புற்றுநோய் பற்றிய புதிய ஆராய்ச்சிகளைத் தமிழில் சுருக்கி நாலு பத்தி எழுதிப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது எழுத. ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் தனசேகருடையது.

4

வெட்டி எடுத்த சதையைப் பரிசோதித்த அறிக்கை வந்தது. கழுத்து நெறிக்கட்டிகளிலும் கொஞ்சம் பரவியிருந்ததால் கதிர்வீச்சு கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் அதற்குப் பெயர் 'கரன்ட் வைப்பது'. முப்பது தடவை, வாரத்தில் ஐந்து நாள், புதுச்சேரிக்குப் போய்வர வேண்டும். ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது.

ஆனால் ஜனவரி பிறந்துவிட்டது. மழைத் தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்திகளைச் சீர் செய்கிற காலம். ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் அந்த வருட உப்பு மண் கலந்து வரும். அந்த வேலையை அண்ணன் யாரை நம்பியும் விட்டதில்லை.

ஒரு நாள் என் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அதாவது இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் சீஸை வைத்து அதைச் சாப்பாடு என்று நம்பும் நேரத்தில், அண்ணனே ஃபோன் செய்தார். பதினோரு வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் தனசேகரின் குரல், "மச்சான், சொல்றதக் கேளுங்க" என்று தேய்ந்துகொண்டே போனது. அண்ணன் வரப்பில் நடந்து தள்ளி வந்துவிட்டார்.

"டேய், கேன்சர் திரும்ப வருமா வராதான்னு கண்டுபுடிக்கிறவன் நீதான?"

"ஆமாண்ணா."

"அப்ப என்னுத பாத்து சொல்லு. வரும்னா கரன்ட் வெச்சிக்கிறேன். வராதுன்னா இன்னாத்துக்கு முப்பது நாளு? இங்க ஆளு வந்து நிக்குது."

"டாக்டர் சொல்றாருல்ல..."

"டாக்டரு எல்லாருக்கும்தான் சொல்றாரு. தனசேகரு அவரு சொல்றதயே திருப்பி கத்திக்கினு இருக்கான். அவனுக்கு இன்னா தெரியும், டியூப்ல காத்து போறதுதான் தெரியும். நீ சொல்லுடா. நீ சொன்னா கேட்டுக்கிறேன்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்: என்னால் முடியாதுண்ணா, நாளைக்கே கரன்ட்டுக்குப் போ. அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவருடைய வாக்கியம் காதில் நின்றுகொண்டிருந்தது. அவனுக்கு இன்னா தெரியும். நீ சொல்லு. இத்தனை வாரமாக நான் காத்திருந்ததே இதற்குத்தான் போலிருக்கிறது. உடம்பில் வெயில் பட்ட மாதிரி இருந்தது.

"கொஞ்சம் பொறுண்ணா. டெஸ்ட் பண்ணிச் சொல்றேன்" என்றேன்.

வெட்டி எடுத்த சதையில் சிறு துண்டுகளை மெழுகுக் கட்டிக்குள் புதைத்து மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் வீட்டாரிடம் ஒன்றைக் கொடுப்பார்கள். தனசேகரைக் கேட்டேன். அரை நாள் வரிசையில் நின்று வாங்கிவிட்டான். "பத்திரமா வை மாப்ள, கெட்டுடக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

மறுநாள் வீடியோவில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே முழுக்க உப்பு. ஸ்பூனை விட்டுத் தோண்டினான். அடியிலிருந்து மெழுகுக் கட்டி வெளியே வந்தது.

"இன்னா மாப்ள இது?"

"நீங்கதான மச்சான் கெட்டுடக் கூடாதுன்னீங்க. ஒரு வஞ்சிரத்தயே உப்புல போட்டா மூணு மாசம் கல்லு மாதிரி நிக்குது. இது இத்துனூண்டு."

பின்னாலிருந்து அண்ணன் தலையை நீட்டினார். "எம் பாத்தி உப்புதான்டா. மொத ரகம். இன்னா, டெஸ்ட்டுக்கு ஆவாதா?"

மெழுகுக்குள் இருப்பது உப்பே இல்லாமல் பல வருடம் இருக்கும் என்று விளக்கினேன். "பரவால்ல, இருந்துட்டுப் போவட்டும்" என்று மூடி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டான். விஷயம் தெரியாத செல்வி இரண்டு நாள் கழித்து ரசத்துக்கு அதிலிருந்துதான் உப்பு எடுத்தாளாம். ரசம் நன்றாகவே இருந்ததாம்.

5

இந்த நாட்டில் தும்முவதற்கு முன்பே படிவம் நிரப்ப வேண்டும். பக்கத்து வீட்டில் காப்பி குடிப்பதற்கே மூன்று வாரத்துக்கு முன்னால் தேதி குறிக்கிறவர்கள். ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினேன். இரண்டு பக்கப் பதில் நாலே நாளில் வந்தது. அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை. உங்கள் சகோதரரின் உடல்நிலை அறிந்து வருந்துகிறோம். சொந்தக் குடும்பத்தாரின் சதையை நீங்களே சோதிக்க இயலாது. உங்களுடையது ஆராய்ச்சிக்கான கணினிக் கணக்கு. சிகிச்சையைத் தீர்மானிக்க இன்னும் அனுமதிக்கப்படவில்லை. இந்தியாவிலிருந்து மனிதத் திசு கொண்டுவர அந்த நாட்டின் அனுமதியும் தேவை. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அன்புடன்.

விடாமல் என் மேலாளரிடம் போனேன். உயரமான அம்மையார்; மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டு ஆப்பிளைக் கடிக்கும் ரகம்.

"நம் கணக்கு எந்த நோயாளிகளை வைத்துப் பழகியது?" என்று கேட்டார்.

எனக்கே தெரியும். பெரும்பாலும் இந்த ஊர் நோயாளிகள். அதில் நிறைய, வைரஸால் தொண்டையில் வருகிற வகை. அது பொதுவாகச் சிகிச்சைக்கு நன்றாகப் பணியும். வருடக்கணக்காகப் புகையிலை அடக்கி, கன்னத்தில் வந்த ஆட்கள் அதில் இருந்தால் ஒன்றிரண்டு. அண்ணன் பேசும் பாஷையே தெரியாத கூட்டம் அது.

"உன் அண்ணனுக்கும் அது ஓர் எண்ணைக் கொடுக்கும்" என்றார். "கொடுக்காமல் இருக்காது. அதுதான் ஆபத்து. அவருடைய டாக்டர் என்ன சொல்கிறார்?"

"கதிர்வீச்சு."

"பிறகு நாம் எதற்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்?"

அவர் ஆப்பிளைக் கடித்தார். நான் என் இடத்துக்குத் திரும்பினேன். அன்று மதியமே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரியாக ஒரு மணிக்கு ஃபோன் வந்தது. அங்கே சாயங்காலம்; பாத்தி வேலை முடிந்து காற்று வீசும் சத்தம் கேட்டது.

"வந்துச்சாடா?"

"இன்னும் இல்லண்ணா."

"சரி வுடு. சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்றார். ரொட்டி என்றேன். "தூ, அதயா" என்றார். அப்புறம் மிதிக்க வந்த ஆட்களில் ஒருத்தன் ஆரோவில் கட்டட வேலைக்கு ஓடிவிட்டதைச் சொன்னார். கொக்கு வந்து பாத்தியில் நிற்பதைச் சொன்னார். பத்து நிமிடம் பேசினார். மறுநாளும் ஒரு மணிக்கு. "வந்துச்சாடா?" "இன்னும் இல்லண்ணா." அதற்கு மறுநாளும். தனசேகரைத் தாண்டி, குச்சிக் கணக்கைத் தாண்டி, தினமும் பத்து நிமிடம் அண்ணன் எனக்கே எனக்கு. ரிப்போர்ட் வராது என்று சொன்னால் ஃபோனும் வராது.

பன்னிரண்டு நாள் சொன்னேன், இன்னும் இல்லண்ணா என்று.

6

பதிமூன்றாம் நாள் காலையில் தனசேகர் கூப்பிட்டான். கடையில் இருந்தான், காற்றடிக்கும் கம்ப்ரசர் சத்தம். அதை நிறுத்திவிட்டு வந்தான்.

"மச்சான், கோச்சிக்காதீங்க. ரிப்போர்ட் எப்பதான் வரும்?"

"ஏன் மாப்ள?"

"கரன்ட் வைக்கிற டாக்டரம்மா இன்னிக்குக் கத்திட்டாங்க. ஆறாவது வாரம் ஓடுது. அங்க மூஞ்சில மாட்ற மாஸ்க்குக்கே இன்னும் அளவு எடுக்கல. தள்ளித் தள்ளிப் போனா கரன்ட் வெச்சும் புண்ணியம் இல்லாம போயிடும்ன்றாங்க. இவரு, 'எந்தம்பி ரிப்போர்ட் வரட்டும்'னு அசைய மாட்றாரு. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், செல்வி அழுது பாத்துடுச்சி. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதது இல்ல. வேற வழில அந்த டெஸ்ட்டு சீக்கிரம் எடுக்க முடியுமா மச்சான்? யாரு கால்லயாச்சும் வுழணும்னா சொல்லுங்க, நான் வுழறேன்."

அவன் கெஞ்சினான். இல்லாத ரிப்போர்ட்டுக்காக, என்னிடம். சிகிச்சை தள்ளிப் போனால் என்ன ஆகும் என்று படித்ததெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே எங்கள் மீட்டிங்கில் அந்தக் கோடுகள் வளைந்து கீழே இறங்கும் படங்களை லேசர் விளக்கால் சுட்டிக் காட்டுகிறவனே நான்தான்.

"வை மாப்ள, அண்ணன்கிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

அண்ணன் பாத்தியில் இருந்தார். "இன்னாடா காலைலயே? வந்துடுச்சா?"

"வராதுண்ணா."

"கேன்சரா?"

"இல்லண்ணா. ரிப்போர்ட்டு. இங்க பண்ண முடியாதுன்னுட்டாங்க. பண்ணாலும் உனக்குப் பிரயோஜனம் இல்ல. நூறு பேர ரெண்டு வரிசையா நிறுத்துனா, இந்த வரிசைல நெறைய பேருக்குத் திரும்ப வரும், அந்த வரிசைல கம்மியான்னு சொல்லத்தான் எங்களுக்குத் தெரியும். அதுவும் உன்ன மாதிரி ஆளுங்கள வெச்சி நாங்க பண்ணவே இல்ல. வரிசைல நிக்குற ஏழுமலைக்கு வருமான்னு கேட்டா தெரியாது."

அண்ணன் மெதுவாக, "அப்ப இத்தினி வருஷமா அங்க இன்னாதான்டா புடுங்கிக்கினு இருக்க?"

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் என் மேலாளரும் கேட்பார், இன்னும் நாகரிகமாக. அவசரத்தில், அவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தேன்.

"இப்ப பாருண்ணா, உப்புக் குமிச்சி வெச்சா மழ வருமா வராதான்னு தெரியாமலே தார்ப்பாய் போட்டு மூடுறோம் இல்ல, அந்த மாதிரி..."

"டேய்." குரல் ஏறியது. "நீ பாத்தில எறங்கி எத்தினி வருஷம் ஆவுது? உப்புக் கத எங்கிட்ட சொல்லாத."

தார்ப்பாயைப் பாதியிலேயே சுருட்டிக்கொண்டேன்.

"தனசேகருக்காவது தெரியுமா, திரும்ப வருமா வராதான்னு?"

"அவனுக்கும் தெரியாதுண்ணா."

"டாக்டரம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது. வராம இருக்கத்தான் வைக்கச் சொல்றாங்க."

யாரையோ கூப்பிட்டு, அந்த மூலையில் இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார்.

"சரி" என்றார். "போறேன். நீ சொன்ன தார்ப்பாய்க்காக இல்ல. தெரியாதுன்னு சொன்ன பாரு, அதுக்கு. உன்னாலயே முடியலன்னா நான் இன்னாத்தக் கண்டேன்."

மெழுகுக் கட்டியைத் தனசேகர் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டான். கவுன்ட்டரில் இருந்தவர் தட்டிப் பார்த்து, "இன்னாப்பா இது வெள்ளையா கொட்டுது?" என்று கேட்டாராம். "எங்க ஊரு மண்ணு சார்" என்றானாம்.

7

அளவெடுத்து, திட்டம் போட்டு, கதிர்வீச்சு தொடங்கும்போது ஆறு வாரம் முடிந்து மேலே நாலு நாள் ஆகியிருந்தது.

முகத்துக்கென்றே அச்சு வார்த்த வலை முகமூடியை மாட்டி, அதை மேசையோடு சேர்த்துப் பூட்டி, அசையாமல் படுக்க வைப்பார்கள். "மாட்டுக்கு வாய்ப்பூட்டு போடற மாதிரி" என்றார் அண்ணன். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண். காரம் கூடாது, சூடு கூடாது. கஞ்சியில் துளி உப்புப் பட்டாலும் எரிந்தது. நாலாவது வாரத்தில் பேச்சு நின்றுவிட்டது. ரிப்போர்ட் இல்லை என்று தெரிந்த பிறகும் வந்துகொண்டிருந்த ஒரு மணி ஃபோனும் நின்றது. தனசேகரின் அறிக்கை மட்டும் வந்துகொண்டிருந்தது. "இன்று 19 முடிந்தது." "இன்று 20. போக மாட்டேன் என்று கையைக் காட்டினார். தூக்கி உட்கார வைத்துவிட்டேன்."

முப்பதாவது நாள், போன மார்ச்சில், மருத்துவமனை பைக் ஸ்டாண்டிலிருந்து வீடியோவில் வந்தார்கள். அண்ணன் பாதியாகிவிட்டிருந்தார். கழுத்துத் தோல் கருகி உரிந்திருந்தது. கையை மட்டும் ஆட்டினார். தனசேகர் அவருக்கு மோர் வாங்கி வருகிறேன் என்று ஃபோனோடு தள்ளிப் போனான்.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு மாப்ள."

"முப்பது நாளும் நான்தான் ஓட்டிக்கினு வந்தேன். கடயத் தொறக்கல. பேச்சு இருந்த வரைக்கும் அந்த ஹால்ல இவரு பக்கத்துல யாரு உக்காந்தாலும் உங்க கததான். 'எந்தம்பி வெளிநாட்ல இதுலயே பெரிய ஆளு. அவனே கேட்டா தெரியாதுன்னு சொல்லிட்டான் பாரு. வேற எவனா இருந்தாலும் அளந்து வுட்டிருப்பான். எந்தம்பி எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்.' இதயே எத்தினி பேருகிட்ட சொன்னாருன்றீங்க. நான் பக்கத்துலயே தண்ணி பாட்டில புடிச்சிக்கினு நிக்குறேன். என்னப் பத்தி ஒரு வார்த்த கெடயாது. 'இவன் வண்டி ஓட்ட வந்தவன்'னு சொல்றாரு." மோருக்குக் காசை எண்ணிக் கொடுத்தான். "எரிஞ்சிது மச்சான். நெசமா சொல்றேன். சின்னப் பசங்க மாதிரி எரிஞ்சிது."

அதைக் கேட்ட எனக்கு வந்தது வெட்கம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். முதலில் வந்தது சந்தோஷம். ஆராய்ச்சிக்கூடத் தாழ்வாரத்தில் நின்று, அவனுக்கு எரிகிறது, அவனுக்கும் எரிகிறது என்று இரண்டு எட்டு வேகமாக நடந்தேன். மூன்றாவது எட்டில்தான் அந்த வாக்கியம் வந்து சேர்ந்தது. எந்தம்பி எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்.

"நீ இல்லன்னா அண்ணன் இல்ல மாப்ள" என்று சொன்னேன். உண்மைதான். மற்றதைச் சொல்லவில்லை. இந்த ஒரு வருடமும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை அண்ணனுக்கு வருடாந்தப் பரிசோதனை. கழுத்தைத் தடவி, குழாய் விட்டுப் பார்த்து, இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார்களாம். முதல் இரண்டு வருடம் தாண்ட வேண்டும், ஒன்று தாண்டியிருக்கிறது. கட்டி திரும்ப வந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருப்பேனா என்று கேட்டால், துணிந்திருக்க மாட்டேன்.

அண்ணா, நீ கண்ணாடி போட மாட்டாய், இதைத் தனசேகர்தான் உனக்குப் படித்துக் காட்டுவான். முடியாது என்ற பதில் என் கையில் வந்த பிறகு பன்னிரண்டு நாள் நான் உன்னிடம் 'இன்னும் இல்லண்ணா' என்று சொன்னேன். நீ தினமும் கூப்பிட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். கரன்ட் தள்ளிப்போன அந்த நாலு நாள் என்னால் தள்ளிப்போனது.

மாப்ள, இந்த இடத்தில் குரலை உயர்த்திப் படி. உனக்கு அந்த உரிமை இருக்கிறது. படித்துவிட்டு, அவர் முகம் எப்படிப் போனது என்று ஒரு வரி போடு.